கார்ட் பயிற்சிக்கு பேக்கிங் டிராக் செய்வது: மாடி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கே. புதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு கீபோர்டும் கிட்டாரும் சொல்லித் தருகிறேன். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் வகுப்பு பாதி நாள் இருக்காது. மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி பக்கம் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிக்கப் போய்விடுவேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கட்டாயமாகக் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்று உண்டு: கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது) மாற்றிப் பழகுவதற்கான பின்னணி டிராக்கை அவர்களே செய்துகொண்டு வரவேண்டும். அதைச் சொன்னதும் கேள்விகள் கிளம்பும். பிள்ளைகள் கேட்டது, அவர்களுடைய அப்பாக்கள் கேட்டது, சர்ச் குழுவில் வாசிக்கும் தம்பிகள் கேட்டது எல்லாம் கீழே இருக்கிறது.

பேக்கிங் டிராக் என்றால் கரோக்கிதானே மாஸ்டர்?

பாதி சரி. கரோக்கி, அதாவது கச்சேரிக்காரர்கள் மைனஸ் ஒன் என்று சொல்வது, ஒரு பாட்டில் பாடகரை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருப்பது. வயலின் கூட்டம், புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். பாடுகிறவருக்கு அது போதும். கை பழக வேண்டியவருக்கு உதவாது. நீங்கள் எஃப் கார்டுக்குப் பதில் டி மைனர் அடித்தாலும் அந்தக் கூட்டத்தில் அமுங்கிவிடும், உங்களுக்கே தெரியாது.

பயிற்சி டிராக் என்பது நாலு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு இடத்தைக் காலியாக விடுவது. கிட்டார் பழகுகிறவருடைய டிராக்கில் கிட்டார் இருக்கக் கூடாது. கீபோர்டு பழகுகிறவருக்கு பேஸும் (அடியில் கனமாக வரும் சுரம்) டிரம்ஸும் இருந்தால் போதும்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவில் ஜேமி ஏபர்சோல்ட் என்கிற சாக்ஸபோன் கலைஞர் 1967-லேயே ஜாஸ் மாணவர்களுக்காக இப்படி இசைத்தட்டு போடத் தொடங்கிவிட்டார். அதில் ஒரு தந்திரம் வைத்திருந்தார். ஸ்டீரியோவில் ஒரு பக்கம் பேஸும் டிரம்ஸும், மறுபக்கம் பியானோவும் டிரம்ஸும். பியானோக்காரர் பியானோ பக்கத்தைக் குறைத்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளலாம், பேஸ் வாசிப்பவர் மறுபக்கத்தைக் குறைப்பார். இதே வேலையை நூறு ரூபாய் இயர்போனிலும் செய்யலாம். ஒரு காதைக் கழற்றினால் போதும். நான் இப்போதும் என் டிராக்குகளை இப்படித்தான் பிரித்து வைக்கிறேன்.

யூடியூபில் ஆயிரம் டிராக் கிடக்கிறது. நான் ஏன் உட்கார்ந்து செய்ய வேண்டும்?

கிடக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. பல நேரம் ரொம்ப நன்றாக இருப்பதுதான் சிக்கல். உங்கள் வேகத்துக்கு இருக்காது, உங்கள் சுருதிக்கு இருக்காது, நடுவில் விளம்பரம் வரும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு டிராக்கை நீங்களே செய்தால், பேஸ் எங்கே விழுகிறது, ஸ்னேர் (டிரம்ஸில் "டப்" என்று விழும் அடி) எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு பாராக (தாளத்தின் ஒரு கட்டம், சாதாரணமாக நாலு பீட்) கையால் வைத்தாக வேண்டும். வைத்து முடிக்கும்போது அந்த கார்ட் வரிசையில் பாதி ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருக்கும். வாசிக்கத் தொடங்கும் முன்பே பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

எந்த கார்ட் வரிசைகளில் தொடங்கலாம்?

ஐந்து போதும், ஒரு வருஷத்துக்குத் தாங்கும். எல்லாவற்றையும் எண்ணாலேயே சொல்கிறேன். ஸ்கேலின் முதல் சுரத்தில் கட்டிய கார்ட் 1, ஐந்தாவதில் கட்டியது 5. மேஜர் ஸ்கேலில் 2, 3, 6 மூன்றும் தானாகவே மைனராக வரும்.

முதலாவது 1–5–6–4. சி ஸ்கேலில் சி, ஜி, ஏ மைனர், எஃப். உலகம் முழுக்கப் பாப் பாட்டு இதில்தான் ஓடுகிறது. சர்ச்சில் புதுப் பாடல்கள் பலவும் இதுவே. இரண்டாவது 1–6–4–5, கொஞ்சம் பழைய வாசனை: சி, ஏ மைனர், எஃப், ஜி. மூன்றாவது ஜாஸ்காரர்களின் 2–5–1. டி மைனர் 7 ஒரு பார், ஜி 7 ஒரு பார், சி மேஜர் 7 இரண்டு பார்.

நாலாவது பன்னிரண்டு பார் ப்ளூஸ். ஏ ஸ்கேலில் எடுத்தால் ஏ நாலு பார், டி இரண்டு, ஏ இரண்டு, பிறகு ஈ ஒன்று, டி ஒன்று, ஏ ஒன்று, திரும்பிப் போக ஈ ஒன்று. எல்லாமே 7-ஆம் கார்டுகள். பிள்ளைகள் இதில்தான் அதிகம் வழி தவறுவார்கள். நாலு நாலாகப் போவது கைக்குப் பழகியிருக்கும், கடைசி நாலில் மட்டும் பாருக்குப் பார் கார்ட் மாறுகிறது. அதனால்தான் இதைக் கொடுக்கிறேன்.

ஐந்தாவது மைனர் இறக்கம்: ஏ மைனர், ஜி, எஃப், ஈ மேஜர். நம் காதுக்கு இது உடனே பிடித்துவிடும். முதல் மூன்று கார்டும் நடபைரவியில் இருக்கின்றன. கடைசி ஈ மேஜரில் ஒரு ஜி ஷார்ப் வருகிறதே, அது கீரவாணியின் காகலி நிஷாதம். அந்த ஒரு சுரம் மாறும் இடத்தில் விரலும் மாறியாக வேண்டும். அதைப் பிடிக்கத்தான் டிராக்.

எண்ணில் ஏன் எழுத வேண்டும்? சி, ஜி என்று நேராக எழுதினால் என்ன?

கச்சேரிக்கு வந்தால் தெரியும். பாடகர் மேடையில் ஏறிய பிறகு திரும்பி, "தம்பி, இன்னைக்குத் தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்க" என்பார். எண்ணில் யோசித்தவர் இறக்கிவிடுவார். சி, ஜி என்று மனப்பாடம் செய்தவர் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடுவார்.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் கறுப்புக் கட்டைகள், 1½ என்றால் சி ஷார்ப், 4½ என்றால் எஃப் ஷார்ப். கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் 1, 1½, 2 பக்கமும் பெண்கள் 5, 5½, 6 பக்கமும் இருப்பார்கள். ஆகவே முதலில் சி, டி, ஜி, ஏ நாலிலும் டிராக் செய்யுங்கள். மற்ற ஸ்கேல்களுக்கு சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று நாலு நாலு சுரமாக ஏறிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது தாண்டலில் மறுபடி சி-க்கு வந்துவிடுவீர்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு கீபோர்டும் போனும்தான்.

போதும். இந்தியாவுக்கென்று யமஹா விடும் பிஎஸ்ஆர்-ஐ வரிசை மாதிரி ஸ்டைல் (பின்னணியைத் தானே வாசிக்கும் தாளக்கட்டு) உள்ள கீபோர்டு எது இருந்தாலும் சரி. ஸ்டைலை ஓட விட்டு, ஆட்டோ அக்கம்பனிமென்ட்டைப் போட்டு, இடது கையால் கார்டை மட்டும் பிடியுங்கள். வலது கை மடியில் இருக்கட்டும். டிரம்ஸும் பேஸும் தானாக வரும். சில மாடல்களில் ஸ்டைலுக்குள் இருக்கும் பியானோ, கிட்டார் பாகங்களைத் தனித்தனியாக அணைக்கலாம். அணைத்துவிடுங்கள், அந்த இடம் உங்களுக்கு வேண்டும்.

ஸ்டைல் எடுக்கும்போது சாதாரண 8 பீட் ஒன்றை எடுங்கள். ஃபில்லும் (நடுவில் வரும் டிரம்ஸ் உருட்டல்) இன்ட்ரோவும் நிறைய உள்ள ஸ்டைல் கேட்க ஜோராக இருக்கும், பழக உதவாது.

பதிவுக்கு வருவோம். கீபோர்டிலேயே சாங் ரெக்கார்டு இருந்தால் அதில் பதிந்து அதிலேயே ஓட விட்டுப் பழகலாம். புது மாடல்கள் சிலவற்றில் யுஎஸ்பி வயர் வழியாகவே ஒலி வெளியே வரும். இரண்டும் இல்லையென்றால் இரவில் எல்லாரும் படுத்த பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரிலிருந்து இரண்டு அடி தள்ளி ஒரு தலையணை மேல் போனை வைத்துப் பதியுங்கள். மேசை மேல் வைத்தால் மேசையின் அதிர்வு ஏறிவிடும். ஹெட்போன் ஓட்டையிலிருந்து போனுக்கு நேராக வயர் செருகுவதென்றால் கீபோர்டு வால்யூமைக் கால்வாசிக்கு மேல் வைக்காதீர்கள். போனின் மைக் உள்ளீடு அவ்வளவு சத்தத்துக்குச் செய்ததில்லை, கரகரவென்று உடைந்துவிடும்.

கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்த சாஃப்ட்வேர்?

எது முன்னால் இருக்கிறதோ அது. பேண்ட்லேப் இலவசம், போனிலும் ஓடும். ஆப்பிள்காரர்களுக்கு கராஜ்பேண்ட் சும்மாவே வருகிறது. எல்எம்எம்எஸ் இலவசம். ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், நான் அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடாசிட்டி பதிவு செய்யவும் வெட்டவும் நல்லது, ஆனால் கார்ட் எழுதி வாசிக்க வைக்கும் வேலை அதற்கில்லை. கார்ட் பெயரை மட்டும் கட்டம் கட்டமாக எழுதினால் தானே வாசிக்கும் சங்கதி வேண்டுமென்றால் போனுக்கு ஐரியல் ப்ரோ, கம்ப்யூட்டருக்கு பேண்ட்-இன்-எ-பாக்ஸ். இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அவசரத்துக்கு ஐரியல் ப்ரோ மாதிரி எதுவும் இல்லை. ஆனால் முதல் பத்து டிராக்கையாவது கையால் செய்துவிட்டு அங்கே போங்கள்.

ஒரு டிராக்கை முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டுங்கள்.

சரி. ஜி ஸ்கேலில் 1–5–6–4. அதாவது ஜி, டி, ஈ மைனர், சி. ஆளுக்கு ஒரு பார். டெம்போ (நிமிஷத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம்) 80 வைத்துக்கொள்வோம். 80-ஐ எடுப்பதற்குக் காரணம் கணக்கு சுலபம்: நாலு பீட் உள்ள ஒரு பார் சரியாக 3 விநாடி, நாலு பார் 12 விநாடி, 15 சுற்று வந்தால் 3 நிமிஷம். கை வலிக்காமல் ஒரு மூச்சில் வாசிக்க அந்த அளவு போதும்.

முதலில் டிரம்ஸ். ஹைஹாட்டை (ஜோடித் தாளத்தட்டு) எட்டு எட்டாக நிரப்புங்கள், "ஒண்ணு-அன் ரெண்டு-அன் மூணு-அன் நாலு-அன்". கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றிலும் மூன்றிலும், ஸ்னேர் இரண்டிலும் நாலிலும். இவ்வளவுதான். ஹைஹாட் எட்டும் ஒரே பலத்தில் அடித்தால் தையல் மிஷின் மாதிரி இருக்கும். எண் விழும் அடிகளைக் கொஞ்சம் அழுத்தி, "அன்" விழும் அடிகளைத் தணித்து வையுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே மனுஷன் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பேஸ். ஒவ்வொரு பாரிலும் ஒன்றிலும் மூன்றிலும் அந்த கார்டின் பெயர்ச் சுரம் மட்டும். ஜி, டி, ஈ, சி. சி பார் முடிந்து ஜி-க்குத் திரும்பும் இடத்தில் மட்டும் நாலாவது பீட்டில் ஒரு ஏ வையுங்கள். அது ஒரு கைகாட்டி மாதிரி, "அடுத்து வீடு" என்று சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாலும் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று அந்த ஏ காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, கார்டைச் சும்மா கோடு போட்டுக் காட்டும் ஒரு ஆர்கன் அல்லது ஸ்ட்ரிங்ஸ் பேட். ஒரு பாருக்கு ஒரே அழுத்து, நீளமாக. கையை அதிகம் நகர்த்தாமல் பிடியுங்கள்: டி-ஜி-பி, அடுத்து டி-எஃப் ஷார்ப்-ஏ, அடுத்து ஈ-ஜி-பி, கடைசியாக ஈ-ஜி-சி. பார்த்தீர்களா, விரல்கள் எங்கேயும் தாண்டிக் குதிக்கவே இல்லை. இந்தப் பேட் டிரம்ஸைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும், இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வருகிற அளவுக்கு. கீபோர்டு பழகுகிறவர் இதைச் சேர்க்கவே வேண்டாம்.

முன்னால் ஒரு பார் ஸ்டிக் தட்டல், "டக் டக் டக் டக்". இதை விட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் டிராக் செய்துகொண்டு வருகிறார்கள். முதல் பாரை யார் வாசிப்பது? நாலு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது பதினாறாவது பாரின் கடைசி இரண்டு பீட்டில், ஒரு சின்ன ஃபில். 48 விநாடிக்கு ஒருமுறை அது வரும், சுற்றின் எண்ணிக்கை காதிலேயே நிற்கும். 15 சுற்று முடிந்ததும் ஜி-யை ஒருமுறை அடித்து நீட்டி விடுங்கள். சட்டென்று அறுந்து நிற்கும் டிராக்கில் பழகினால் பாட்டை முடிக்கவே வராது.

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது தடவை பத்து நிமிஷம்.

டெம்போ எவ்வளவு வைப்பது?

தப்பில்லாமல் மூன்று நிமிஷம் வாசிக்க முடிகிற வேகம் எதுவோ அது. 60-இல் ஒன்று, 80-இல் ஒன்று, 100-இல் ஒன்று என்று மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 60 சுலபம் என்று நினைக்காதீர்கள். பீட்டுக்கும் பீட்டுக்கும் நடுவே ஒரு முழு விநாடி. அந்த இடைவெளியில்தான் எல்லாரும் முந்துவார்கள்.

நம்ம ஊர்ப் பாட்டெல்லாம் "தகிட தகிட" என்று போகிறதே, அதற்கு என்ன செய்வது?

நல்ல கேள்வி. வெளிநாட்டு டிராக்குகளை மட்டும் வைத்துப் பழகினால் வருகிற குறையே இதுதான். மேடையில் நாங்கள் வாசிப்பதில் பெரும்பங்கு 6/8. கிராமியப் பாட்டு, சாமி பாட்டு, கல்யாணப் பாட்டு, டூயட் என்று எதை எடுத்தாலும் திஸ்ரம் (மூன்று மூன்றாகப் போகும் நடை) வந்து நிற்கும். நாலு பீட்டிலேயே பழகிய பையன் அங்கே வந்து முழிப்பான்.

ஒரு பாருக்கு ஆறு தட்டு. "த கி ட த கி ட". கிக் முதல் தட்டில், ஸ்னேர் நாலாவதில், ஹைஹாட் ஆறிலும். பேஸ் முதல் தட்டில் நீளமாக, ஆறாவதில் குட்டியாக ஒன்று. இந்த ஆறாவது தட்டுப் பேஸ்தான் ஆட வைக்கும். ஸ்னேருக்குப் பதிலாக டோலக் சத்தம் கிடைத்தால் இன்னும் நல்லது.

டெம்போவில் ஒரு குழி இருக்கிறது. பல சாஃப்ட்வேர்கள் 6/8 போட்டாலும் வேகத்தைக் கால் சுரக் கணக்கிலேயே எண்ணும். நீங்கள் காலைத் தட்டுவதோ "தகிட"வுக்கு ஒருமுறை. நிமிஷத்துக்கு 60 "தகிட" வேண்டுமானால் அங்கே 90 என்று போட வேண்டும். ஒன்றரை மடங்கு. இது தெரியாமல் நான் ஒரு வாரம் "ஏன் இழுக்கிறது, ஏன் இழுக்கிறது" என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

என் மகள் பாட்டு கிளாஸ் போகிறாள். ராகத்துக்கு இப்படி டிராக் போடலாமா?

போடலாம், கொஞ்சம் பார்த்துப் போட வேண்டும். மேஜர் ஸ்கேல் என்பது சுரத்தில் 29-ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணம். 20-ஆவது நடபைரவி சாதாரண மைனர், 21 கீரவாணி ஹார்மானிக் மைனர். இவற்றுக்கு மேலே சொன்ன வரிசைகளே ஒத்துப்போகும். 28-ஆவது ஹரிகாம்போதிக்கு சி, பி ஃபிளாட், எஃப், மறுபடி சி என்று சுற்றலாம். 22-ஆவது கரகரப்பிரியாவுக்கு டி மைனரும் ஜி மேஜரும் மாறி மாறி இரண்டு இரண்டு பார், ஷட்ஜம் டி. கல்யாணிக்கு பேஸை சி-யிலேயே பிடித்துக்கொண்டு மேலே சி, டி மேஜர் என்று மாற்றுங்கள். அந்த டி மேஜரிலுள்ள எஃப் ஷார்ப்தான் பிரதி மத்தியமம்.

மோகனத்தை 1–5–6–4 மேல் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து சுரம், எந்தக் கார்டிலும் பெரிய உரசல் இல்லை. பிள்ளைகள் அன்றைக்கே தானாக மெட்டுக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சுத்த தன்யாசியை ப்ளூஸ் மேல் வாசித்தால் அமெரிக்காக்காரனும் தலையாட்டுவான். மைனர் பென்டடானிக் என்று அவன் சொல்வது அதுதான்.

ஆனால் கமகம் கூடிய ராகங்களில், தோடியிலோ பைரவியிலோ, கார்ட் நிற்கிற இடத்தில் சுரம் நிற்காது. அங்கே டிராக் வேண்டாம், சுருதிப்பெட்டி போதும். அவளுடைய பாட்டு டீச்சரும் என்னைத் திட்ட மாட்டார்.

சுருதியை மாற்றினேன், டிரம்ஸ் நாராசமாகிவிட்டது. ஏன்?

நானும் அடிபட்ட இடம். 1 கட்டையில் செய்த ஒரு டிராக்கை 2 கட்டைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்வு செய்து இரண்டு படி ஏற்றிவிட்டு, கேட்டுப் பார்க்காமல் பென்டிரைவில் போட்டு வகுப்பில் ஓட விட்டேன். கிக் விழ வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்னேர். படபடபடவென்று பட்டாசுக் கடை. பிள்ளைகளுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு.

விஷயம் இதுதான். மிடியில் (ஒலியாக இல்லாமல், எந்தக் கட்டை எப்போது என்று எண்ணாகப் பதிவது) டிரம்ஸுக்கு ஒவ்வொரு கட்டையும் ஒரு வாத்தியம். 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட். இரண்டு படி ஏற்றினால் 36 போய் 38 ஆகிவிடும், கிக் ஸ்னேராகிவிடும். ஆகவே டிரம்ஸ் டிராக்கை (மிடியில் வழக்கமாகப் பத்தாம் சேனல்) விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே ஒலியாகப் பதிந்துவிட்ட டிராக்கை ஏற்றி இறக்குவதென்றால் ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் ஸ்னேர் தகர டப்பா ஆகிவிடும், பேஸ் தொண்டை கட்டிக்கொள்ளும்.

போனில் போட்டால் பேஸ் கேட்கவே இல்லையே?

கேட்காது. பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். போனிலுள்ள குட்டி ஸ்பீக்கர் 200-க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஹெட்போனில் கேட்டுவிட்டு "பேஸ் அதிகம்" என்று குறைத்தவர்களுக்குப் போனில் ஒன்றுமே மிஞ்சாது. பேஸ் சத்தத்தைக் கொஞ்சம் கரடானதாக, பிக் வைத்து அடிக்கிற மாதிரி ஒன்றாக எடுங்கள். இல்லாவிட்டால் அதே வரியை ஒரு ஸ்தாயி மேலே நகல் எடுத்து மெதுவாகக் கலந்துவிடுங்கள். வால்யூமைக் கூட்டிப் பயனில்லை, போன்தான் உறுமும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் வாசித்தால் பின்னால் போகிறது என்கிறார்களே?

எதை அதில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிராக் மட்டும் ப்ளூடூத்தில் வருகிறது, உங்கள் கிட்டார் நேராகக் காதில் விழுகிறது என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. டிராக் மொத்தமாகத் தாமதமாக வந்தாலும் நீங்கள் அதைக் கேட்டுத்தானே வாசிக்கிறீர்கள்? உங்கள் கீபோர்டு சத்தமே போன் ஆப் வழியாக ப்ளூடூத் ஹெட்போனில் வருகிறதென்றால்தான் வம்பு. சாதாரணமாக 150, 200 மில்லிசெகண்ட் பிந்தும். டெம்போ 80-இல் அது ஏறக்குறைய கால் பீட். அங்கே வயர் ஹெட்போன்தான்.

லூப் திரும்புகிற இடத்தில் ஒரு திக்கல் வருகிறது.

எம்பி3-யாகச் சேமித்திருப்பீர்கள். எம்பி3 ஆக்கும்போது முன்னாலும் பின்னாலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். தனிப் பாட்டில் தெரியாது, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும். லூப்புக்கு வேவ் கோப்பாக வையுங்கள். நான் சொன்ன மாதிரி மூன்று நிமிஷம் முழுக்க எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

கிட்டாரில் கேப்போ போட்டு வாசிக்கிறேன். டிராக் எந்த ஸ்கேலில்?

காதில் விழும் ஸ்கேலில். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை மொத்தமாக அழுத்தும் கிளிப்) போட்டு ஜி வடிவம் பிடித்தால் வருவது ஏ. டிராக்கும் ஏ.

பையன் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறான். அதற்கு இது உதவுமா?

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் பரீட்சையில் பேக்கிங் டிராக்கோடு வாசிப்பது உண்டு. அதற்கான டிராக்கை அவர்களே தருகிறார்கள், பரீட்சைக்கு அதையே வைத்துப் பழகட்டும். டிராக்கோடு சேர்ந்து போகிற பழக்கம் வருவதற்கு நாம் செய்வது உதவும்.

காபிரைட் சிக்கல் வருமா?

1–5–6–4 யாருடைய சொத்தும் இல்லை. மெட்டும், பாடல் வரியும், ஒருவர் செய்த ஒலிப்பதிவும்தான் சொத்து. நீங்களே கார்டும் டிரம்ஸும் வைத்துச் செய்ததை வீட்டில் ஓட்டினாலும் தங்கைக்கு அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது. சினிமாப் பாட்டிலிருந்து பாடகர் குரலைப் பிரித்து எடுத்து யூடியூபில் ஏற்றுவது வேறு கதை, அதற்கு நோட்டீஸ் வரும்.

டிராக்கோடு சரியாக வாசிக்க வந்துவிட்டது. அடுத்து என்ன?

டிரம்ஸை எடுங்கள். முழுக்க இல்லை, நாலாவது சுற்றில் இரண்டு பார் மட்டும் மியூட் செய்யுங்கள். பேஸும் இருக்கக் கூடாது, வெறும் மௌனம். நீங்கள் வாசித்துக்கொண்டே போக வேண்டும். டிரம்ஸ் திரும்பி வரும்போது அதன் முதல் அடியும் உங்கள் முதல் அடியும் ஒன்றாக விழுகிறதா பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாரும் முந்தித்தான் போய் நிற்பார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பார் சரியாகும். அப்புறம் நாலு பார், அப்புறம் எட்டு.

மேலூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில் நடந்தது. பாட்டின் சரணத்துக்கு நடுவில் கரண்ட் போனது. கீபோர்டு செத்தது, ரிதம் பேடு செத்தது, பேஸ் கிட்டார் செத்தது, மைக்கும் செத்தது. இருட்டில் டோலக் வாசித்த அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டிக்கொண்டு பாட்டை எடுத்துக்கொண்டார்கள். ஜெனரேட்டர் ஏறி லைட் வந்தபோது என் கீபோர்டு திரும்ப உயிர்பெற ஏழெட்டு விநாடி ஆனது. அதுவரை கையைக் கட்டைகள் மேலே தூக்கி வைத்தபடி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பல்லவியின் முதல் கார்டில் சேர்ந்தேன். டோலக் அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

வரிசை, ஸ்கேல், டெம்போ, இந்த மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும்: "1564 ஜி 80". "புது டிராக் கடைசி கடைசி 2" என்று வைத்த பையன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் செய்து வைத்திருப்பதையே தரலாமே மாஸ்டர்?

தர மாட்டேன். முதல் டிராக்கை மட்டும் கூட உட்கார்ந்து செய்து தருகிறேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் மாடிக்கு வாருங்கள், பென்டிரைவும் வயர் ஹெட்போனும் கொண்டு வாருங்கள். ஆடி மாசம் மட்டும் வேண்டாம். தெருமுனை அம்மன் கோயிலில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் எங்கள் கொட்டகையைப் பார்த்துத்தான் இருக்கும். 80-இல் நாம் வைத்த கிக் எதுவும் அதற்கு முன்னால் நிற்காது.